லினார்தோஸின் நாற்பத்தேழு கல்யாணங்கள்

கப்பலை விட்டு இறங்கியதும் எங்கள் தீவில் என்னை முதலில் வரவேற்றவன் காப்பிக்கடை புரோகோப்பிஸ். ஆங்கிலத்தில் வரவேற்றான். அவன் கைக்குழந்தையாக இருந்தபோது மூக்குத் துடைத்துவிட்டவள் நான். பதினோரு வருஷம் வராமல் இருந்ததில் என் முகம் அவனுக்கு வெளிநாட்டு முகமாகிவிட்டது. மெனு கார்டை என் கண்ணுக்கு நேரே விரித்துக் கடல் தெரிகிற மாதிரி ஒரு மேசை காலியாக இருப்பதாகச் சொன்னான்.

"டேய் புரோகோப்பிஸ், கடலை நான் ஏற்கெனவே பாத்திருக்கேன். தள்ளி நில்லு, பெட்டி காலைத் தட்டுது" என்றேன்.

அப்புறம்தான் அனேசியோ அக்காவா என்று கட்டிக்கொண்டான். என் புருஷன் லினார்தோஸ் போன செய்தி கேட்டு அழுததாகச் சொன்னான். அழுதிருப்பான், அவன் சட்டென்று அழக்கூடியவன். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டான். குளிக்க வந்தேன் என்றேன். மான்ட்ரியாலிலிருந்து இரண்டு விமானமும் ஒரு கப்பலும் மாறி ஒரு கிழவி குளிக்க வருவாளா என்று அவன் யோசிக்கவில்லை. இப்போது தீவுக்கு வருகிற எல்லோரும் அதற்குத்தானே வருகிறார்கள்.

நான் வந்தது ஒரு ஜோடி மணமுடிக்காக.

எங்கள் கல்யாணத்தில் மோதிரத்தைவிட மணமுடிதான் பெரிது. மெல்லிய கம்பியில் மெழுகுப்பூ கோத்த இரண்டு வளையங்கள். இரண்டையும் ஒரு வெள்ளை ரிப்பன் இணைத்திருக்கும். மாப்பிள்ளை தலையில் ஒன்று, பெண் தலையில் ஒன்று. பின்னால் நிற்கிற கும்பாரா கைகளைக் குறுக்கே போட்டு மூன்று தடவை மாற்றி மாற்றி வைப்பாள். கும்பாரா என்றால் வெறும் தோழி இல்லை, அந்த நிமிஷத்திலிருந்து கூடப்பிறந்தவளுக்கு ஒரு படி மேல். பிறகு முடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் கட்டிலுக்கு மேலே மாட்டிவிடுவோம். இருவரில் ஒருவர் முந்திக்கொண்டால் ரிப்பனை வெட்டி, போகிறவருடைய முடியை அவரோடேயே வைத்து அனுப்புவது எங்கள் தீவு வழக்கம்.

லினார்தோஸ் ஜனவரியில் போனார். மணமுடி தீவில் இருந்தது, அவர் மான்ட்ரியால் பனியில் இருந்தார். மூன்றாம் நாள் அடக்கம் செய்துவிட்டோம். இருவருமாகச் சலவைக்கடை வைத்து ஊரார் சட்டைக்கெல்லாம் முப்பது வருஷம் இஸ்திரி போட்டவர்கள் நாங்கள். வீட்டை விட்டு ஒரு நாளும் அவரைப் பொத்தான் இல்லாத சட்டையோடு அனுப்பியதில்லை. அப்படிப்பட்ட நான் கடைசிப் பயணத்துக்கு அவரை வெறுந்தலையோடு அனுப்பிவிட்டேன். அந்த வெட்கம் எட்டு மாதமாக என்னைத் தின்றது. அதை யாரிடமும் சொல்ல நா எழவில்லை. அதனால்தான் குளியல் கதை. என் பெட்டியின் அடியில் நீச்சலுடை இருந்ததென்னவோ உண்மை. அதற்குள் கடைக் கத்தரிக்கோலைச் சுற்றி வைத்திருந்தேன்.

வீட்டுச் சாவி மொஸ்காவிடம் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் முடி மாற்றிய கும்பாரா அவள்தான். அடுத்த வீடும் அவளுடையதுதான். என்னைப் பார்த்ததும் அழுதாள். பிறகு நான் இளைக்கவே இல்லை என்று கண்டு, கண்படாமல் இருக்க மூன்று தடவை துப்பினாள். கதவைத் திறந்துவிட்டு என்னவோ வேலை இருப்பது போல வாசலிலேயே நின்றாள்.

வீடு நான் நினைத்திருந்ததைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் காரணம் விளங்கியது. உள்ளே ஒன்றுமே இல்லை. ஒரு இரும்புக் கட்டிலும் என் மாமனார் படமும் மட்டும் இருந்தன. மாமனார் கொஞ்சம் பயமுறுத்துகிற மாதிரி இருப்பார்.

"ஈரம்டி" என்றாள் மொஸ்கா. "பூட்டியே கிடந்த வீடு. எல்லாத்தையும் ஈரம் தின்னுடுச்சு."

"செம்புக் கொப்பரையையுமா?"

"செம்பைத்தான் அது முதல்ல திங்கும்."

பின்வாசல் கதவைக் காற்று கொண்டுபோய்விட்டதாம். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் திரை தொங்கியது. எனக்குக் கொப்பரையும் வேண்டாம் கதவும் வேண்டாம். நேரே கட்டிலுக்கு மேலே பார்த்தேன். சுவரில் ஆணி இருந்தது. ஆணிக்குக் கீழே ஒரு பெட்டி அளவுக்குச் சுண்ணாம்பு மட்டும் புதிதாக வெளுத்திருந்தது.

"மணமுடி எங்கடி?"

மொஸ்கா ஜன்னல் கொக்கியைச் சரிபார்த்தாள். அதில் சரிபார்க்க ஒன்றும் இல்லை. "நீதானேடி போன தடவை எடுத்துட்டுப் போனே. துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனே. நான்தான் கயிறு குடுத்தேன்" என்றாள்.

கயிறு வரைக்கும் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? போன மாதம் மூக்குக் கண்ணாடியை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு இரண்டு நாள் தேடியவள் நான். மான்ட்ரியாலில் இருக்கும் மகனுக்குப் போன் போட்டு அலமாரி, பரண், கார் டிக்கி எல்லாம் தேடச் சொன்னேன். அவன் தேடிவிட்டு, அப்பாவின் பழைய செருப்பு ஏழு ஜோடி இருப்பதாகச் சொன்னான். மணமுடி இல்லை.

மறுநாள் தெருவில் இறங்கி நடந்தேன். எங்கள் தீவில் கதவுக்கு என்று யாரும் பெயிண்ட் வாங்கியதில்லை. படகுக்கு அடித்தது போக என்ன நிறம் மிஞ்சுகிறதோ அது கதவுக்கு. பச்சை, காவி, போலீஸ்காரர் வீட்டுக்கு மட்டும் சாம்பல். இப்போது தெரு முழுக்க ஒரே நீலம். வெளிநாட்டுக்காரர்கள் நீலத்தைத்தான் எதிர்பார்க்கிறார்களாம். கழுதைச் சத்தம் போய்ப் பெட்டிச் சக்கரச் சத்தம் வந்திருந்தது. நான் நீச்சல் கற்ற இடத்தில் சாய்வு நாற்காலிகள் ஏழு வரிசை. ஒவ்வொன்றிலும் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். கடலுக்குப் போக அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டும். மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தண்ணீரைத் தொடுவதற்குள் குளிக்கிற ஆசையே போய்விட்டது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. காப்பி குடிக்கப் புரோகோப்பிஸ் கடையில் உட்கார்ந்தேன். அவன் அவகாடோ தடவிய ரொட்டியைக் கொண்டுவந்து வைத்தான். தட்டுக்குப் பக்கத்தில் மேசைப் பலகையில் கத்தியால் கீறிய கோடுகள் ஒன்றன் மேல் ஒன்றாக இருந்தன. ஐந்து வயது, ஆறு வயது, ஏழு வயது. என் மகன் உயரம். லினார்தோஸ் ஒவ்வொரு ஈஸ்டருக்கும் பின்வாசல் கதவில் அவனை நிறுத்திக் கீறியது. ஏழாம் வயது மேல் அவகாடோ சொட்டியிருந்தது.

மேசை நன்றாக இருக்கிறது, எங்கே வாங்கினாய் என்று கேட்டேன். ஏதென்ஸில் ஒரு பழம்பொருள் கடையில் என்றான், கண் இமைக்காமல்.

அதற்குப் பிறகு கண்ணைத் திருப்பிய பக்கமெல்லாம் எங்கள் வீடுதான். வாடகை விடுதி ஒன்றின் வாசலில் அம்மாவின் மாவுத் தொட்டியில் பூச்செடி. இன்னொன்றின் சுவரில் மாமனாரின் கழுதைச் சேணம். அதற்குத் தனியாக ஒரு விளக்கு வேறு. மாமனாருக்கு வாழ்நாளில் அவ்வளவு வெளிச்சம் கிடைத்ததில்லை. தீவு பழைமை மாறாமல் இருக்கிறது என்று விருந்தாளிகள் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். மாறாமல் இருந்ததெல்லாம் என்னுடையது.

சண்டை போட்டிருக்கலாம். எனக்கு வாய் இல்லாமல் இல்லை. ஆனால் கதவுக்குச் சண்டை போட்டால் மணமுடியை எடுத்தவர் உஷாராகி அதைக் கடலில் போட்டுவிட்டால் என்ன செய்வது? எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அதனால் வாயை மூடிக்கொண்டு கேக் சுடத் தீர்மானித்தேன்.

தொலைந்ததைக் காட்டிக்கொடுக்கிறவர் புனித ஃபனூரியோஸ். அவருடைய அம்மா பொல்லாதவளாம். வாழ்நாளில் செய்த ஒரே தர்மம் யாரோ ஒரு பிச்சைக்காரிக்கு ஒரு வெங்காயத்தாள் கொடுத்ததுதானாம். அவள் ஆத்மா கரையேற வேண்டி நாம் கேக் சுட்டுக் கோயிலில் மந்திரித்து ஊருக்குப் பங்கு வைத்தால், மகன் மனம் குளிர்ந்து தொலைந்த பொருளைக் காட்டுவார். ஒன்பது சாமான் போட வேண்டும், முட்டை வெண்ணெய் கூடாது. எங்கள் தீவில் இதோடு ஒரு ஷரத்தும் சேர்த்துக்கொண்டிருக்கிறோம். பொருளை எடுத்தவர் அந்தக் கேக்கைத் தின்றால் அது தொண்டையில் நின்றுவிடும். தின்ன மாட்டேன் என்றால் எடுத்தது அவர்தான்.

சனிக்கிழமை காலை மாவு பிசைந்தேன். எங்கள் வீட்டு அடுப்பையும் ஈரம் தின்றிருந்தபடியால், தட்டைத் தூக்கிக்கொண்டு ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் ரொட்டிக்கடைக்கு நடந்தேன். ரொட்டிக்கடை வரைக்கும் இருபது பேர், என்ன தட்டு என்று கேட்டார்கள். ஃபனூரியோஸ் கேக் என்றேன். அடுத்த கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான்: என்ன தொலைந்தது?

புருஷனை வெறுந்தலையோடு அனுப்பியதைத் தெருவில் நின்று சொல்ல முடியுமா? "அது சாமிக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வெட்கத்தில் சொன்ன சொல் அது. ஊருக்கு அது மிரட்டலாகக் கேட்டிருக்கிறது. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. புரோகோப்பிஸ் கையிலிருந்த காப்பித் தட்டைச் சாய்த்துக்கொண்டதை மட்டும் பார்த்தேன். வெயில் என்று நினைத்தேன்.

மாலைப் பூசைக்கு வழக்கமாகப் பத்துப் பேர் வருவார்கள். அன்று கோயில் முற்றம் நிறைந்துவிட்டது. வராமல் இருப்பதே சாட்சியாகிவிடும் என்று பயந்து வந்த கூட்டம். பாதிரியார் அந்திமோஸ் மந்திரித்து முடித்ததும் நான் கேக்கை வெட்டிப் பங்கு வைத்தேன். அப்படிப்பட்ட அமைதியை அந்த முற்றத்தில் சாவு வீட்டுப் பூசையிலும் நான் கண்டதில்லை. துண்டை வாங்கியவர்கள் யாரும் வாயில் வைக்கவில்லை. ஒருவர் சர்க்கரை வியாதி என்றார். ஒருத்தி பல் பிடுங்கியிருப்பதாகக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். மற்றவர்கள் வீட்டில் பெரியவர்களுக்கு முதலில் கொடுக்க வேண்டுமென்று காகிதத்தில் சுற்றினார்கள். மறுக்கவும் இல்லை, தின்னவும் இல்லை. சாமியையே ஏமாற்றப் பார்த்தார்கள்.

அங்கேயே தின்றவள் மொஸ்கா ஒருத்திதான். என்னை நேருக்கு நேர் பார்த்து, சாமியோட அம்மாவைக் கடவுள் மன்னிக்கட்டும் என்று முறைப்படி சொல்லி, ஒரு துணுக்கு மிச்சம் வைக்காமல் மென்று விழுங்கினாள். இவளைப் போய்ச் சந்தேகப்பட்டேனே என்று எனக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இன்னொரு துண்டு கொடுத்தேன். அதையும் தின்றாள்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் தீவில் மத்தியானம் மூன்று மணிக்கு யாரும் வெளியே தலைகாட்ட மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டு ஜன்னலை அடைத்துத் தூங்குகிற நேரம். போன் அடித்தால்கூட மரியாதைக் குறைவு. நான் தூக்கம் வராமல் கட்டிலில் கிடந்தேன். தெருவில் ஏதோ உராயும் சத்தம். எட்டிப் பார்த்தேன்.

பல் பிடுங்கியவள் மாவுத் தொட்டியைப் பூச்செடியோடு இழுத்து வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் சர்க்கரை வியாதிக்காரர், தோளில் கழுதைச் சேணம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவர் செம்புக் கொப்பரையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தார், முகம் தெரியக் கூடாதென்று. எல்லோரும் தூங்குகிற நேரம் பார்த்துச் சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போகலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாக யோசித்திருக்கிறார்கள். இப்போது ஒரு முழ அகலச் சந்தில் மொத்தமாக மாட்டிக்கொண்டார்கள். ஒருவரும் ஒருவரைப் பார்க்கவில்லை. வெயில் அதிகம்தான் என்று யாரோ பொதுவாகச் சொன்னார்கள். ஆமாம் என்றது கொப்பரை.

நான் கதவைத் திறந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். அந்த நாற்காலிகூட ஐந்து நிமிஷத்துக்கு முன் வந்ததுதான். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. பத்திரமாக வைத்திருந்தோம், அக்கா வந்தாயிற்று, கொண்டுவந்துவிட்டோம் என்றார்கள். ஈரத்திலிருந்து காப்பாற்றினார்களாம். புரோகோப்பிஸும் அவன் மச்சானும் கதவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தார்கள்; உப்புப் புட்டி அதன் மேலேயே இருந்தது. ஏதென்ஸ் கடை என்னடா ஆயிற்று என்று கேட்டேன். அவன் உடனே அழ ஆரம்பித்தான். கடைசியாகப் பாதிரியார் ஒரு ஏணியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கோயில் விளக்கு மாட்ட எடுத்தது மகளே, ஒன்பது வருஷமாக எடுத்துக்கொண்டேயிருக்கிறேன் என்றார். ஆஸ்திரேலியா போய்விட்ட யார் வீட்டுத் தையல் மெஷினோ ஒன்றும் வந்து சேர்ந்தது. அது என்னுடையது இல்லை என்றால் கொண்டுவந்தவர் கேட்கவில்லை. இருக்கட்டும், எதற்கும் இங்கேயே இருக்கட்டும் என்று வைத்துவிட்டு ஓடிவிட்டார்.

நான்கு மணிக்கு வீட்டில் நடக்க இடமில்லை. மணமுடி மட்டும் வரவில்லை. கொப்பரையையும் கதவையும் கொண்டுவந்து கொட்டிய சாமிக்கு அந்த இரண்டு வளையம் கண்ணில் படவில்லையா என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. கழுதைச் சேணத்தின் மேல் உட்கார்ந்து அழுதேன்.

அப்போது மொஸ்கா வந்தாள். கையில் ஒன்றும் இல்லை. கோயிலுக்குப் போகிற நல்ல உடுப்புப் போட்டிருந்தாள். சாமான்களைத் தாண்டி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"எல்லாரும் வந்து போயாச்சா?" என்று கேட்டாள்.

"ஆச்சு."

"நான் ரெண்டு துண்டு தின்னேன். தொண்டைல நிக்கட்டும்னுதான் தின்னேன். நிக்கலை. ராத்திரி பூரா எச்சில் முழுங்கி முழுங்கிப் பாத்தேன். நல்லா மெத்துன்னு இருந்துச்சுடி, கேக்கு." உடுப்பின் மடிப்பை நீவிவிட்டாள். "முடி ரொதான்திகிட்ட இருக்கு."

ரொதான்தி அவள் மகள். வெளிநாட்டு ஜோடிகளுக்குக் கடற்கரையில் கிரேக்க முறைக் கல்யாணம் நடத்தி வைப்பது அவள் தொழில். பாதிரியார் கிடையாது, சடங்கும் பாதிதான். அலங்காரமும் போட்டோவும் முழுசு. ஏழு வருஷத்துக்கு முன் ஒரு ஜோடிக்கு வர வேண்டிய மணமுடி கப்பலில் தொலைந்துவிட்டதாம். பெண் அழுதாளாம். அவசரத்துக்கு மொஸ்காதான் என் வீட்டைத் திறந்து ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறாள், ஒரு மணி நேரத்துக்கு என்று. அந்தப் போட்டோவை உலகமே பார்த்துவிட்டது. அதற்குப் பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் அதே முடிதான் வேண்டும். கடையில் புதிதாக வாங்கிக் காட்டினால் முகம் சுளிக்கிறார்களாம். மெழுகு மஞ்சளாகி இருந்தால்தான் நிஜமாம்.

"எத்தனை பேருடி?"

"இன்னிக்கி ஆறு மணிக்கு நாப்பத்தேழாவது."

எனக்குச் சிரிப்பு வந்ததா ஆத்திரம் வந்ததா என்று தெரியவில்லை. லினார்தோஸ் ஒரு கல்யாணத்துக்கே கால் நடுங்கியவர். கோயிலில் மூன்று சுற்று வரும்போது தொங்கும் விளக்கில் தலையை முட்டி முடியை நசுக்கிக்கொண்டார். அன்று எடுத்த எல்லாப் படத்திலும் அவர் முடி இடப்பக்கம் சரிந்தே இருக்கும்.

"ஏன்டி பொய் சொன்னே? எங்கிட்டப் போயி?"

"நீ மட்டும்? குளிக்க வந்தேன்னு சொன்னே. குளிக்க வந்தவளுக்கு முடி எதுக்குன்னு நினைச்சேன். ரெண்டு வாரத்துல போயிடுவே, சீசன் முடிஞ்சதும் பழையபடி மாட்டிடலாம்னு நினைச்சேன்."

"அவரை வெறுந்தலையோட அனுப்பிட்டேன் மொஸ்கா" என்றேன். எட்டு மாதத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்து சொன்னேன்.

மொஸ்கா எழுந்தாள். அவள் முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தது. முடியைத் தலையில் வைத்தவள் அவள். அது கடைசியில் போக வேண்டிய இடத்துக்குப் போயிற்றா என்று கேட்க வேண்டியதும் அவள்தான். ஜனவரியிலேயே கேட்டிருக்க வேண்டும். "எந்திரிடி, போலாம்" என்று மட்டும் சொன்னாள். நான் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடற்கரைக்குப் போனபோது ஏற்கெனவே வயலின் வாசித்துக்கொண்டிருந்தார்கள். சாய்வு நாற்காலிகளை ஒதுக்கி வெள்ளைத் துணியில் வளைவு கட்டியிருந்தது. மாப்பிள்ளையும் பெண்ணும் ஹாலந்துக்காரர்கள், செருப்பில்லாமல் மணலில் நின்றார்கள். அவர்கள் தலையில் எங்கள் மணமுடி. மாப்பிள்ளை பனைமர உயரம்; அவன் தலையில் லினார்தோஸின் முடி இடப்பக்கம் சரிந்திருந்தது. போட்டோக்காரர் ஓடி ஓடி அதை நேராக்கினார். அது ஒவ்வொரு தடவையும் சரிந்தது. நாலு எட்டில் போய்ப் பிடுங்கிவிட வேண்டுமென்றுதான் வந்தேன். அந்தச் சரிவைப் பார்த்ததும் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ரொதான்தி பின்னால் நின்று முடி மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள், நிறுத்தவில்லை. ஒரு தடவை மாற்றினாள். இரண்டாவது தடவை மாற்றினாள். போட்டோக்காரர் போதும் என்று கையைக் காட்டியதும் இறக்கிவிட்டாள்.

பொறுத்துக்கொள்ள முடியாமல் போனது அதைத்தான்.

"மூணு தடவை" என்றேன், கடற்கரைக்கே கேட்கிற மாதிரி. வயலின் நின்றது.

"பெரியம்மா, இது சும்மா போட்டோவுக்குத்தான்" என்று ரொதான்தி கெஞ்சினாள்.

"தலை நிஜத் தலைதானே? ரெண்டோட நிறுத்தினா பாதிக் கல்யாணம்டி. அந்தப் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணிச்சு?"

நாற்பத்தாறு ஜோடி பாதிக் கல்யாணத்தோடு உலகத்தில் எங்கெங்கோ குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மொஸ்காவுக்கும் உறைத்திருக்க வேண்டும். மகளைத் தோளால் ஒதுக்கிவிட்டுப் போய் அவள் இடத்தில் நின்றாள். கைகளைக் குறுக்கே போட்டு இரண்டு முடிகளையும் விரல் நுனியால் எடுத்தாள். மாப்பிள்ளைக்கு எட்டாமல், அவனைக் கிரேக்கத்திலேயே முட்டி மடக்கச் சொன்னாள், அவன் மடக்கினான். நாற்பத்துமூன்று வருஷத்துக்கு முன் எங்களுக்குச் செய்தது போலவே, அவசரப்படாமல், ஒன்று, இரண்டு, மூன்று. முடித்ததும் ஹாலந்துப் பெண் எதற்கென்று தெரியாமலே அழுதாள். நானும் அழுதேன், எனக்குக் காரணம் தெரிந்திருந்தது.

பாட்டு, படம் எல்லாம் முடிந்த பிறகு ரொதான்தி முடிகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து என் மடியில் வைத்தாள். தலை நிமிராமல் நின்றாள். நான் கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனைப் பிடித்தேன். பிடித்த உடனே கைக்குத் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் துணி தொட்ட கை. எங்களுடையது பட்டு. இது நைலான்.

"பழசு அறுந்துடுச்சு பெரியம்மா" என்றாள் ரொதான்தி. "ஒரு கல்யாணத்துக்கு எடுக்கும்போது, தானாவே. நான் இழுக்கக்கூட இல்லை. போட்டோல தேதி இருக்கும், எப்போன்னு பாத்துச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்" என்றேன். அது ஜனவரியா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியமில்லை.

நைலானை வெட்டுவதில் ஒரு கஷ்டமும் இல்லை.

முடியில்லாமல் ரொதான்தியின் மிச்ச சீசன் என்ன ஆகும் என்று நான் கவலைப்படவில்லை, மொஸ்கா பட்டாள். தன் வீட்டு முடியைத் தருகிறேன் என்றாள். உன் புருஷன் சம்மதிக்க வேண்டாமா என்று கேட்டேன். "அந்த மனுஷன் கட்டிலுக்கு மேல என்ன மாட்டியிருக்குன்னு இதுவரை நிமிந்து பாத்ததில்லை" என்றாள். ஆனால் இனிமேல் மாற்றுவது அவள் கையால்தான், மூன்று தடவைதான் என்று மகளிடம் அங்கேயே சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

சாமான்களை அவரவரிடமே திருப்பிக் கொடுத்தேன். மான்ட்ரியாலுக்குக் கழுதைச் சேணத்தைக் கொண்டுபோய் என்ன செய்வேன்? புரோகோப்பிஸுக்குக் கதவைக் கொடுக்கும்போது மட்டும் ஒரு நிபந்தனை போட்டேன்: கோடுகள் இருக்கும் பக்கம் தட்டு வைக்கக் கூடாது. அவன் அங்கே ஒரு பூ ஜாடி வைத்துவிட்டான். கிளம்புகிற அன்று காலை சாய்வு நாற்காலிகளைத் தாண்டிப் போய்க் குளித்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டுமே. தண்ணீர் பழைய தண்ணீர்தான்.

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மான்ட்ரியாலில் லினார்தோஸ் கல்லறைக்குப் போனேன். கிரேக்கர் பகுதியில் கல்லோடு சேர்த்து விளக்கு வைக்க ஒரு கண்ணாடிப் பெட்டி இருக்கும். அதைத் துடைத்தேன்.

"உங்க முடி நாப்பத்தேழு பேரோட போயிட்டு வந்திருக்கு" என்று அவரிடம் சொன்னேன். "நாம இங்க சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டு ஒண்ணும் தெரியாம இருந்திருக்கோம்."

முடியை விளக்குக்குப் பின்னால் நேராக நிறுத்தினேன். இடப்பக்கம் சரிந்தது. இன்னொரு தடவை நிறுத்தினேன். சரிந்தது. அப்படியே விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவைச் சாத்தினேன்.